மைனஸ் பதினேழு

சுவிட்சைப் போட்டதும் அந்த மீட்டர் ஐம்பதில்தான் வந்து நிற்க வேண்டும். ஐம்பது மெகாஹெர்ட்ஸ். ஆறு வருஷமாக முத்துச்செல்வி பார்த்து வருவது அது. எந்த எண்ணை அழுத்திவிட்டுப் போனாலும், மின்சாரம் போய் வந்தால் புத்தியைத் துடைத்துக்கொண்டு ஐம்பதில் வந்து உட்கார்ந்துவிடும். அன்றைக்கு ஆயிரத்து எண்ணூறில் நின்றது.

சனிக்கிழமை மாலை அதை அணைத்துவிட்டு, துணியுறை போர்த்தி, அறைச் சாவியைச் செக்யூரிட்டியிடம் கொடுத்தவளே அவள்தான். ஞாயிறு பகல் இரண்டரை மணிக்கு அதே சாவியைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவளும் அவள்தான். நடுவில் யாரும் வாங்கவில்லை என்று நோட்டு சொன்னது. 2012 கார்த்திகை பிறந்த வாரம். சுங்குவார்சத்திரம் முழுக்க மழைச் சகதி. ஸ்டாக் தேங்கிவிட்டதால் மூன்று நாட்களாக செல்போன் லைன் ஓடவில்லை. ஓடாத லைனுக்கு ஒரு வாசனை உண்டு, குளிர்ந்த பிளாஸ்டிக்கும் பழைய ஈயப் பற்றும் கலந்தது. அதைக் கடந்துதான் அந்த அறைக்கு வர வேண்டும்.

முதலில் அவளுக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. ஏனென்றால் அன்றைய வேலைக்கு ஆயிரத்து எண்ணூறுதான் சரியான எண். தான் மறந்துபோய் ஐம்பதிலேயே வைத்து அளந்திருப்போம் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. யாரோ அதை அவளுக்காக முன்கூட்டியே சரி செய்து வைத்திருந்தார்கள்.

அப்படிச் செய்கிற ஒருத்தியைத்தான் அவளுக்குத் தெரியும். அவள் செத்து நாலு மாதம் ஆகிறது.

அந்த ஃபேக்டரியில் வெளியே போகிற ஒவ்வொரு போனும் எவ்வளவு சக்தியோடு அலையை வீசுகிறது என்று சோதித்துத்தான் போகும். சோதிக்கிற இயந்திரங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கிறது முத்துச்செல்வி வேலை பார்த்த அளவுத்திருத்த அறை. அங்கே கட்டைவிரல் பருமனில் ஒரு சென்சார் இருக்கிறது. அதற்கு எவ்வளவு சக்தி வந்து விழுந்தது என்று சொல்லத் தெரியும். எந்த அதிர்வெண்ணில் விழுந்தது என்று தெரியாது. ஒரே சக்தியை ஐம்பதில் ஒரு மாதிரியும், ஆயிரத்து எண்ணூறில் கொஞ்சம் குறைத்தும் காட்டும். அந்தக் குறையைச் சரி செய்ய ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் ஒரு திருத்த எண், தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றேழு என்று, மீட்டருக்குள் அட்டவணையாகப் பதிந்திருக்கும். அளக்கிறவள் இன்ன அதிர்வெண் என்று சொன்னால் மீட்டர் திருத்தத்தைப் போட்டுக்கொள்ளும். சொல்ல மறந்தால் தவறான எண்ணைத் தைரியமாகக் காட்டும்.

முத்துச்செல்வி எட்டு மாதம் மறந்திருந்தாள். அதைக் கண்டுபிடித்தவள் சந்திரலேகா.

பென்னலூர்ப் பெண். அப்பா பக்கத்துக் கம்பெனியில் பஸ் ஓட்டினார். 2010-இல் டிகிரியோடு வந்து சேர்ந்தாள். முத்துச்செல்வி சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து டிப்ளமோவோடு வந்து, லைனில் இரண்டு வருஷம் நின்ற காலிலேயே நின்று, கெஞ்சாத குறையாக அந்த ஏசி அறைக்குள் நுழைந்தவள். சந்திரலேகா முதல் நாளே நுழைந்தாள். மூன்றாவது வாரம், மேனேஜர் நம்பிராஜன் பக்கத்தில் நிற்கும்போது, மீட்டரை எட்டிப் பார்த்து, "அக்கா, ஃப்ரீக்வென்சி மாத்தலையேக்கா" என்றாள். குத்திக்காட்டுகிற குரலே இல்லை. காலில் முள் கிடக்கிறது, பார்த்து வை என்கிற குரல். அதுதான் முத்துச்செல்விக்குப் பொறுக்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாவற்றிலும் அவள் இருந்தாள். லைன் பெண்களுக்குப் பாடம் எடுக்கச் சொன்னார்கள். சந்திரலேகா போர்டில் ஒரு கையை வரைந்தாள். ஆன்டெனா ஒரு கை மாதிரி, அதிர்வெண் ஏற ஏற அந்தக் கை சிறுத்துக்கொண்டே போகும் என்றாள். சின்னக் கைக்கும் பெரிய கைக்கும் ஒரே அளவு கிடைத்தால், சின்னக் கைக்குக் கொடுத்தவர் ரொம்பக் கிட்டே நிற்கிறார் என்று அர்த்தம். அதிர்வெண் இரட்டித்தால் தூரம் பாதி. பெண்களுக்கு ஒரே சிரிப்பு. நம்பிராஜனும் கதவோரம் நின்று சிரித்தார். முத்துச்செல்வியின் வகுப்பில் யாரும் சிரித்ததில்லை. பிறகு சிங்கப்பூர்ப் பயிற்சிக்கு ஒரு ஆளை அனுப்புவதாகப் பேச்சு வந்தது. முத்துச்செல்வி ஒன்றரை வருஷத்துக்கு முன்பே பாஸ்போர்ட் எடுத்து, வாடகை அறையில் டிரங்குப் பெட்டிக்குள் புடவைக்கு அடியில் வைத்திருந்தாள். பட்டியலில் சந்திரலேகா பெயர் வந்தது. அவளிடம் பாஸ்போர்ட்டே இல்லை. கம்பெனியே எடுத்துக் கொடுத்தது.

அன்று இரவு முழுக்க முத்துச்செல்விக்கு வயிற்றுக்குள் ஒரு கரி கனன்றது. மறுநாள் மதியம், எல்லோரும் கேன்டீனில் இருக்கும்போது, சந்திரலேகா தன் பாஸ்வேர்டு போட்டுத் திறந்து வைத்திருந்த அட்டவணையில், ஆயிரத்து எண்ணூறுக்கு நேரே இருந்த தொண்ணூற்றேழை எழுபத்தொன்பது ஆக்கினாள். இலக்கத்தை மாற்றி அடித்த மாதிரி. யாருக்கும் வரக்கூடிய கைப்பிழை.

மீட்டர் இருக்கிற சக்தியைவிடக் கூட்டிக் காட்டியது. அதை நம்பிப் போன்களின் சக்தியைக் குறைத்து வைத்தார்கள். ஒரு கப்பல் சரக்கு முழுவதும் அலை வலுவில்லாமல் போய்த் திரும்பி வந்தது. மெமோ சந்திரலேகாவுக்கு. சிங்கப்பூர் ரத்து.

"நான் அடிக்கலக்கா. என் கை அந்த நம்பர அடிக்கல" என்றாள் அவள். அழுததில் இளைப்பு வந்து, மூச்சு நெஞ்சில் விசிலடித்தது. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் மூன்று சென்சார்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்து, எப்போது மாறியது என்று கண்டுபிடிக்கப் போவதாகச் சொன்னாள். நீங்க கூட இருந்தா போதும்க்கா என்றாள். முத்துச்செல்வி கூட இருந்தாள். சிறிது நேரம்.

அந்த அறை சாதாரண அறை இல்லை. சுவர், கூரை, தரை எல்லாம் செம்புத் தகடு பதித்தது. வெளி அலை ஒன்றும் உள்ளே வராது, உள்ளே இருப்பது வெளியே போகாது. கதவு ஒரு சாண் கனம். அதன் உள்பக்கக் கைப்பிடி ஒரு வாரமாகப் பிடி தளர்ந்து, கதவைத் திறக்காமல் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. அது முத்துச்செல்விக்குத் தெரியும். சந்திரலேகாவின் இளைப்பு மருந்து, வெளியே லாக்கரில், பையில் இருந்ததும் தெரியும். "நீ பாத்துட்டு இரி, நான் டீ வாங்கிட்டு வாரேன்" என்று எழுந்து, கதவை நன்றாக இழுத்துச் சாத்திவிட்டு வந்தாள்.

காரிடாரில் கொஞ்ச தூரம் வந்ததும் பின்னால் தட்டுகிற சத்தம் கேட்டது. மெத்தையில் அடிக்கிற மாதிரி, மெதுவாக. நின்றாள். ரவுண்டு வரும் செக்யூரிட்டி திறந்துவிடுவான், ஒரு மணி நேரம் கிடக்கட்டும் என்று நினைத்தாள். நினைத்ததாகத்தான் பிறகு தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஐந்து நாற்பது பஸ்ஸில் ஏறிவிட்டாள். திங்கட்கிழமை காலைதான் அந்தக் கதவைத் திறந்தார்கள்.

ஆஸ்துமா என்று எழுதினார்கள். கதவுக்குப் புதுக் கைப்பிடி போட்டார்கள். அவள் தம்பிக்கு வேலை கொடுத்தார்கள். எழுபத்தொன்பதை முத்துச்செல்வியே எல்லோர் முன்னாலும் தொண்ணூற்றேழாகத் திருத்தினாள். சந்திரலேகாவின் நாற்காலி முத்துச்செல்விக்கு வந்தது. ஆனாலும் ஒரு சந்தேகம் வந்தால் நம்பிராஜன் தன்னையறியாமல், லேகா இருந்தா இதச் சொல்லியிருக்கும், என்பார். செத்தவளை எப்படி முந்துவது?

இந்த ஞாயிறும் அதே எரிச்சலோடுதான் மீட்டரின் அம்புக்குறிப் பொத்தான்களை அழுத்தி, வேண்டுமென்றே தொள்ளாயிரத்துக்கு இறக்கினாள். திரும்பி ஆன்டெனாவை எடுத்து சென்சாரின் நுனியில் திருகினாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்த வேலை உண்டு: கதவைச் சாத்திவிட்டு, அறைக்குள் அலை ஏதும் கசிகிறதா என்று பார்ப்பது. ஒன்றும் இல்லாவிட்டால் மீட்டர் மைனஸ் எழுபது பக்கமாகத் தள்ளாடும். மைனஸ் குறையக் குறைய சக்தி கூடுதல் என்று கணக்கு.

கதவைச் சாத்தினாள். மழைச் சத்தம் கத்தியால் நறுக்கியதுபோல் அறுந்தது. காது அடைத்த மாதிரி இருந்தது. தன் ரத்தம் ஓடும் ஓசை, ட்யூப்லைட்டின் ரீங்காரம், தேன்கூடு போன்ற ஓட்டைத் தகட்டின் வழியாக ஏசி விடும் மெல்லிய மூச்சு. அவ்வளவுதான் உலகத்தில் மிச்சம்.

மீட்டரைப் பார்த்தாள்.

மைனஸ் பதினேழு.

தள்ளாடவில்லை. ஆணி அடித்த மாதிரி நின்றது.

அவள் போன் வெளியே லாக்கரில். அறையில் அலை வீசக்கூடிய கருவி ஒன்றுதான். அதன் பிளக் கையில் கிடைத்தது, பிடுங்கியே கிடந்தது. ஆன்டெனாவைக் கழற்றினாள். மைனஸ் எழுபது. தள்ளாட்டம். திரும்ப மாட்டினாள். மைனஸ் பதினேழு. அலைகளைக் கோடாக வரைந்து காட்டும் இன்னொரு கருவியைப் போட்டுப் பார்த்தாள். நேர்க்கோடு. அங்கே ஒன்றும் இல்லை என்றது அது. இது மட்டும் இருக்கிறது என்றது.

ஒரு போன் முழுச் சக்தியில் பேசிக்கொண்டிருந்தால் இப்படிக் காட்டும். எவ்வளவு தூரத்தில்? பழக்கம் காரணமாகக் கணக்கு தானாகவே ஓடியது, பேப்பரில் எழுதினாள். தொள்ளாயிரத்தில் என்றால் ஆறு மீட்டர். அவள் சிரிக்கப் பார்த்தாள். அறையே மூன்று மீட்டர்தான். சுவருக்கு அப்பால் இருந்து ஒரு துளி கூட உள்ளே வர முடியாது. ஆகவே தொள்ளாயிரம் இல்லை. திருத்தம் தப்பு.

நிமிர்ந்து பார்த்தாள். மீட்டரில் தொள்ளாயிரம் இல்லை. ஆயிரத்து எண்ணூறு.

அவள் தொடவில்லை.

எப்போதும் போலத்தான். தப்பாக வைத்தால் சரி செய்கிறாள். முத்துச்செல்விக்குக் கண் காந்தியது. பயத்துக்கு முன்னால் அந்தப் பழைய கரிதான் மேலே வந்தது: இப்பவும் உனக்குத்தான் தெரியுமோ, ஏளா? சொல்லவில்லை, உதடு மட்டும் அசைந்தது. பிறகு பேப்பரைப் பார்த்தாள். ஆயிரத்து எண்ணூறு என்றால் தூரம் பாதி. மூன்று மீட்டர்.

மெதுவாகத் தலையைத் திருப்பினாள். மூன்று மீட்டரில் கதவு இருந்தது. சாத்திய கதவு, புதுக் கைப்பிடி, அதற்குக் கீழே ஒரு ஆள் குத்துக்காலிட்டு உட்காரும் அளவுக்கு வெறும் தரை. அங்கேதான் அவளைக் கண்டார்கள் என்று சொன்னார்கள். தரையில் ஒன்றும் இல்லை. வெளிச்சம் நன்றாகவே விழுந்திருந்தது. ஒன்றுமில்லாத இடத்தை இவ்வளவு நேரம் பார்க்க முடியும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

டிக்.

ரப்பர் பொத்தான் அமுங்கி எழும் சத்தம். அவள் கழுத்தைத் திருப்புவதற்குள் இன்னும் பல டிக்குகள், வேகவேகமாக, பழகிய விரல் அழுத்துகிற மாதிரி. மீட்டரில் எண் மாறி நின்றிருந்தது. மூவாயிரத்து அறுநூறு.

அந்த அதிர்வெண்ணில் எந்தப் போனும் பேசாது. மைனஸ் பதினேழு அசையவில்லை. அதிர்வெண் மட்டும் இரட்டித்தது. ஒன்றரை மீட்டர்.

ஒன்றரை மீட்டரில் யாரும் உட்காராத ஒரு நீலச் சுழல் நாற்காலி இருந்தது, சுவரைப் பார்த்தபடி. சற்று முன்பும் சுவரைத்தான் பார்த்ததா? நினைவில்லை. இளைப்புக்குச் சந்திரலேகா நெஞ்சில் தடவும் தைலத்தின் வாசனை லேசாக வந்தது, ஏசிக் காற்று வரும் திசைக்கு நேர் எதிரிலிருந்து.

டிக். டிக். டிக்.

ஏழாயிரத்து இருநூறு.

முக்கால் மீட்டர். கை நீட்டினால் தொடலாம்.

கை நீட்டவில்லை. இரண்டு கைகளையும் மடிக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள். அறையில் யாரும் இல்லை. நாலு சுவரும் தெரிகின்றன. மேசை தெரிகிறது. யாரும் இல்லை. அவள் கண் அதைத்தான் சொன்னது. மீட்டர் வேறு சொன்னது. கண்ணுக்குத் திருத்தம் போடத் தெரியாது.

"லேகா" என்றாள். குரல் செம்பில் பட்டுச் செத்தது. "நான்தான் அடிச்சேன். எழுபத்தொம்பது. நான்தான்."

டிக்.

பதினாலாயிரத்து நானூறு.

ஒன்றரைச் சாண்.

வலது கன்னத்துக்குப் பக்கத்தில் காற்று கதகதப்பாக இருந்தது. ஏசி அறையில். ஒரே ஒரு கன்னத்துக்கு மட்டும்.

அந்தச் சென்சார் பதினெட்டாயிரம் வரைதான் அளக்கும். அதற்கு மேல் அட்டவணையில் வரி இல்லை. திருத்தம் இல்லை. மீட்டர் பதினெட்டாயிரத்தில் வந்து நின்றது. டிக் என்றது. நின்றது. மறுபடி டிக். பொத்தான் உள்ளே போனது. எழவில்லை. அமுங்கியே இருந்தது.

முத்துச்செல்வி ஓடினாள்.

எப்படி எழுந்தாள், நாற்காலி எங்கே விழுந்தது, தெரியாது. கைப்பிடி உள்ளங்கைக்குள் வந்தது. அது வெறுமனே சுற்றும், திறக்காது என்று உடம்பு முழுக்க நம்பியது. சுற்றியது. திறந்தது. அவ்வளவு லேசாக.

வெளியே பகல். காரிடார் முழுக்க ட்யூப்லைட். தகரக் கூரை மேல் மழை கொட்டும் சத்தம் காதுக்குள் வந்து இறங்கியது. அப்படி ஒரு நல்ல சத்தத்தை அவள் கேட்டதில்லை. கதவை முதுகால் தள்ளிச் சாத்தி, வெளிக் கைப்பிடியை இறக்கிவிட்டு, பத்தடி தள்ளிப் போய்த்தான் நின்றாள். மூச்சு வாங்கியது. உள்ளே இருப்பது வெளியே வராது. செம்பு. ஒரு சாண் கனம். வராது.

காரிடார் முனையில் கான்ட்ராக்ட் ஆள் சுந்தராம்பாள் மாப் போட்டுக்கொண்டு வந்தாள். போன மாதம்தான் சேர்ந்தவள். பழைய கதை எதுவும் தெரியாது. முத்துச்செல்விக்கு அவளைப் பார்த்ததும் அழுகை வந்தது. பக்கத்தில் ஒரு மனுஷி. சோப்புத் தண்ணீர் நாற்றம். வாளி.

சுந்தராம்பாள் குச்சியை ஊன்றிக்கொண்டு நின்றாள். முத்துச்செல்வியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்த முகத்துக்குச் சற்றுப் பக்கத்தில் பார்த்தாள்.

"இன்னாம்மா ஆச்சு அந்தப் பொண்ணுக்கு?" என்று கேட்டாள், பரிதாபமாக. "இப்டிக் கட்டிப் புடிச்சிகினு கீதே."

முத்துச்செல்வியின் தோளில் கனம் இல்லை. மேலே யாரும் படவில்லை. இரண்டு கைகளும் பக்கவாட்டில் தொங்கின. அவை தன் கைகள்தான் என்று விரல்களை அசைத்துப் பார்த்துக்கொண்டாள். முன்னால் தெரிந்ததெல்லாம் காரிடார். வாளி. சுந்தராம்பாள்.

பிறகு தரையைப் பார்த்தாள்.

இப்போதுதான் துடைத்த ஈரத் தரை, கண்ணாடி மாதிரி. தலைகீழாக ட்யூப்லைட்டுகள் ஓடின. தலைகீழாக அவள், ஃபேக்டரி நீலக் கோட்டுடன். அவள் தோள்களுக்கு மேலாக இன்னொரு நீலக் கோட்டின் இரண்டு கைகள் வந்து, மார்பின் மேல் விரலோடு விரல் கோர்த்திருந்தன. கன்னத்தோடு கன்னம் ஒட்டி ஒரு முகம். அது முத்துச்செல்வியின் கண்ணைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும், உள்ளே போவதையும் வெளியே வருவதையும், அடுத்தவள் தட்டில் இருக்கும் சோற்றைப் பார்க்கிற மாதிரி, வாயை லேசாகத் திறந்தபடி, கண் கொட்டாமல்.